டிரம் ஸ்மோக்கருக்குக் கட்டைக்கரியா, பிரிக்கெட்டா?

கேள்வி இதுதான்: கோவிந்தாபுரம் பக்கம் தோட்டத்து வீடு. பொள்ளாச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, 200 லிட்டர் டிரம்மில் ஸ்மோக்கர் செய்து வாங்கியாகிவிட்டது. பன்றியின் முன்னந்தொடையை எட்டு மணி நேரம் போல மெதுவாகப் புகையில் வேகவைக்க ஆசை. "கட்டைக்கரியைத் தவிர வேறெதையும் தொடாதே" என்கிறார் பக்கத்து அல்ஃபாம் கடைச் சேட்டன். தேங்காய்த்தொட்டிக் கரியைப் பொடித்து அழுத்திச் செய்த கட்டி, அதாவது பிரிக்கெட்தான் நின்று எரியும் என்கிறார் கரி விற்கும் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் டிரம்முக்கு, உங்கள் ஊர்க் காற்றுக்கு, எட்டு மணி நேர வேலைக்கு என்றால் தொட்டிக்கரி பிரிக்கெட்தான் வாங்கச் சொல்வேன். கூடவே கட்டைக்கரி ஒரு சின்ன மூட்டை இருக்கட்டும், அதற்கும் வேலை உண்டு. சேட்டன் சொன்னது தப்பு என்று அர்த்தமில்லை. அவர் வேலைக்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மூடி இல்லாத அடுப்பில், கோழிக்கு ஒரு சாண் கீழே, தணல் சுள்ளென்று இருக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணியில் கோழி வெந்து இறங்க வேண்டும். வாடிக்கையாளர் வந்தவுடன் விசிறினால் சூடு ஏற வேண்டும். இதற்கெல்லாம் கட்டைக்கரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. உங்கள் வேலை இதற்கு நேர் எதிர். 110 முதல் 125 டிகிரி செல்சியஸுக்குள், ஏறாமல் இறங்காமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை நெருப்பு நிற்க வேண்டும்.

இரண்டும் கரிதான், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? மரத்தைக் காற்றுப் புகாமல் மூடிச் சுட்டால் அதிலுள்ள ஈரமும், புகையாகப் போகும் சரக்கும் வெளியேறி, பெரும்பாலும் கார்பன் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சிய துண்டை அப்படியே பையில் போட்டால் கட்டைக்கரி. அதையே பொடித்து, மாவுப் பசை சேர்த்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் பிரிக்கெட். கட்டைக்கரியில் மரத்தின் நுண்துளைகள் அப்படியே இருக்கும், வடிவமும் கோணல்மாணல். எரிய எரியச் சாம்பல் உதிர்ந்து புதுப்பரப்பு வெளியே தெரியும். அதனால் காற்று கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலும் சட்டென்று வாங்கிக்கொண்டு சூட்டை ஏற்றிவிடும். பிரிக்கெட் இறுக்கமானது, எல்லாத் துண்டும் ஒரே அளவு. மேலே படியும் சாம்பல் கொஞ்ச நேரம் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு, உள்ளே போகும் காற்றைக் குறைக்கும். காற்று நுழையும் வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டாலும் சூடு தாறுமாறாக ஏறாது. குறைத்தாலும் உடனே இறங்காது.

கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் காற்றுதான். காற்றை முழுதாக அடக்கத் தெரிந்த அடுப்பில் எந்தக் கரி போட்டாலும் சூடு நீங்கள் சொன்னபடி கேட்கும். காற்றை அடக்க முடியாத அடுப்பில், தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் கரி வேண்டும். கரியைப் பற்றிய சண்டையில் முக்கால்வாசி, இந்த ஒரு விஷயத்தைப் பார்க்காததால் வருவது.

உங்கள் இடத்தில் காற்று சாதாரணக் காற்றா? மேற்குத்தொடர்ச்சி மலை அங்கேதான் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி எல்லாவற்றையும் தாண்டி உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளைச் சுழற்றப் போகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பட்டறையில் செய்த டிரம்மின் மூடி இடுக்கு அந்தக் காற்றுக்கு எம்மாத்திரம்? கீழே உள்ள மூன்று காற்று வால்வையும் (ball valve) நீங்கள் மூடினாலும் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதில் கட்டைக்கரி போட்டால், 115இல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வரும்போது தெர்மாமீட்டர் முள் 170இல் நிற்கும்.

ஆகவே மொத்தமாகக் கரி வாங்கும் முன், கொஞ்சம் கரி வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். இறைச்சி இல்லாமல் ஒருமுறை மூட்டி 120 டிகிரிக்குக் கொண்டுவந்து, மேலும் கீழும் உள்ள எல்லா வழிகளையும் அடைத்துவிடுங்கள். தகர டிரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நன்றாக அடைபட்ட டிரம்மில் சூடு மளமளவென்று இறங்கும். ஒரு மணி நேரம் ஆகியும் முள் 100ஐ விட்டு அசையவில்லை என்றால் எங்கோ கசிகிறது. புகை எங்கே வெளியேறுகிறது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் மூடி விளிம்பும், வால்வுக் குழாய் நுழையும் இடமும்தான். சூடு தாங்கும் கண்ணாடி நார்க் கயிறு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், மூடிக்கு அதை ஒட்டலாம். மேற்கே சுவரோ நாலு தகரமோ மறைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் செய்த பிறகு கட்டைக்கரியிலும் நிதானமாகச் சமைக்க முடிந்தால், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். டிரம்மில் முன்பு என்ன இருந்தது? ரசாயனம், பூச்சிமருந்து வந்த டிரம் என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம், வேறு பாருங்கள். எண்ணெய் வந்த டிரம்மாக இருந்தாலும் உள்பூச்சு முழுதும் போகும்வரை ஒருமுறை விறகு போட்டு நன்றாகச் சுட்டெடுக்க வேண்டும். கரிக்கூடையை ஜி.ஐ. வலையில் (துத்தநாகம் பூசிய இரும்பு) செய்து கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தணல் சூட்டில் அந்தத் துத்தநாகப் பூச்சு ஆவியாகும், அது மூச்சுக்கு ஆகாது. சாதா இரும்பு ஜாலி போதும்.

இனிக் கடையில் கிடைப்பதைப் பார்ப்போம். குழப்பமெல்லாம் இங்கேதான்.

நம் பக்கம் கட்டைக்கரி என்று வருவதில் பெரும்பங்கு சீமைக்கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் மூட்டம் போட்டு, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கிறார்கள். நாலைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி தேறும். டெக்ஸாஸில் இறைச்சி சுடுகிறவர்கள் கொண்டாடுகிற மெஸ்கீட் மரம் இருக்கிறதே, அதற்கும் நம் சீமைக்கருவேலத்துக்கும் ஒரே குடும்பம், நெருங்கிய உறவு. அங்கே மெஸ்கீட் கரிக்கு என்ன பெயரோ அதேதான் இங்கேயும்: நல்ல கனம், கடும் சூடு, பட்பட்டென்று வெடித்துப் பொறி பறக்கும். வெளிநாட்டுப் பையில் மெஸ்கீட் என்று அச்சடித்து வருவதை இணையத்தில் அள்ளிக்கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால், ராமநாதபுரத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது. வாங்கும்போது தடித்த கட்டையிலும் தூர்ப்பகுதியிலும் சுட்ட கரியாகக் கேளுங்கள். சுள்ளியில் சுட்டது ஸ்மோக்கருக்கு ஆகாது. சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், வரும் வழியிலேயே பாதி பொடியாகிவிடும்.

அடுத்தது உடைத்த தொட்டிக்கரி. கேரளப் பக்கம் சிரட்டைக்கரி என்று கேட்டால் கொடுப்பார்கள். பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. கொப்பரைக்குப் போன தேங்காயின் தொட்டியெல்லாம் கரியாகி, அதில் பெரும்பகுதி ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஆலைகளுக்குப் போகிறது. சூட்டில் இது கட்டைக்கரிக்குக் குறைந்ததில்லை, சாம்பலும் குறைவு. ஆனால் மெல்லிய வளைந்த சில்லுகளாக இருப்பதால் ஒன்றோடொன்று படிந்து காற்று வழியை அடைக்கும், அல்லது மொத்தமாகப் பற்றிக்கொண்டு சட்டென்று தீரும். கூடைச் சந்து வழியாக விழவும் செய்யும். மூட்டுவதற்கும், மீன் சுடுவதற்கும் அருமை. எட்டு மணி நேரத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

அதே தொட்டிக்கரியைப் பொடித்து, மரவள்ளி மாவு போன்ற பசை சேர்த்துக் கட்டியாக அழுத்தியதுதான் நான் சொல்லும் பிரிக்கெட். சதுரமாகவோ, நடுவில் துளை உள்ள அறுகோணக் குழலாகவோ, தலையணை வடிவிலோ வரும். ஹூக்காவுக்குப் போகும் சின்னக் கனசதுரமும் இதே சரக்குதான், ஆனால் அதன் விலைக்கு நம் வேலை கட்டுப்படியாகாது. பெரியதாக இருப்பதை வாங்குங்கள்.

இப்போது எச்சரிக்கை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் "பிரிக்கெட்" என்று மட்டும் கேட்டால் பாய்லருக்குப் போடும் பிரிக்கெட்டைக் காட்டுவார்கள். மரத்தூள், கடலைத்தோல் இவற்றை அப்படியே அழுத்திச் செய்த பழுப்பு நிற உருளை. சாயப்பட்டறைக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் லாரி லாரியாகப் போவது அதுதான். வெள்ளைக்கரி என்றும் சொல்வார்கள். அது கரியே இல்லை, சுடாத விறகு. டிரம்மில் போட்டால் புகை மூட்டமாக எழும்பி, இறைச்சி கசந்துபோகும். நிறம் கறுப்பா, உடைத்தால் உள்ளேயும் கறுப்பா என்று பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்கக் கரிக்கட்டியைப் பற்றிப் படித்துவிட்டுப் பிரிக்கெட் என்றாலே ரசாயனம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1897இல் பென்சில்வேனியாக்காரர் எல்ஸ்வொர்த் ஸ்வோயர் கரிக்கட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு மரம் அறுத்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் மிச்சிகனில் கரி ஆலை போட்டார், அதுதான் பின்னால் கிங்ஸ்ஃபோர்டு என்ற கரிக் கம்பெனி ஆயிற்று. அந்த வகைக் கட்டிகளில் மரக்கரியோடு நிலக்கரி, சாம்பல் வெளுப்பாகத் தெரியச் சுண்ணாம்புக்கல், அச்சில் ஒட்டாமலிருக்க வெண்காரம், சீக்கிரம் பற்ற சோடியம் நைட்ரேட் எல்லாம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. நம் தொட்டிக்கரிக் கட்டியில் நேர்மையான தயாரிப்பாளர் சேர்ப்பது மாவும் தண்ணீரும்தான். நேர்மையில்லாதவர் களிமண்ணோ நிலக்கரித் தூளோ சேர்ப்பார். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். நாலு கட்டியை மட்டும் முழுதாக எரியவிட்டுச் சாம்பலைப் பாருங்கள். நல்ல தொட்டிக்கரியில் வெளிர் சாம்பல் கொஞ்சமாக இருக்கும், தொட்டால் உதிரும். செம்மண் நிறத்தில், கட்டியின் உருவம் கலையாமல் ஓடு மாதிரி கிடந்தால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். தீப்பெட்டி காட்டினாலே பற்றும் என்று எண்ணெய் ஊற்றி விற்பதும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

கட்டைக்கரிக்கும் சோதனை உண்டு. இரண்டு துண்டை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். உடைத்த இடம் பளபளக்க வேண்டும். சத்தம் மொத்தென்று வந்தால், துண்டு அளவுக்கு மீறிக் கனத்தால், நடுவில் பழுப்பு தெரிந்தால், அது அரைகுறையாகச் சுட்டது அல்லது ஈரம் வாங்கியது. எடைக்கு விற்கிற பொருள் என்பதால் ஈரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். மூட்டை அடியிலுள்ள தூளுக்கும் அப்படியே. கிலோ விலையில் கட்டைக்கரி மலிவாகத் தெரிந்தாலும், தூளைக் கழித்து, வேகமாகத் தீர்வதையும் கணக்கில் எடுத்தால், நீண்ட சமையலுக்குப் பிரிக்கெட் அப்படியொன்றும் விலை கூடியதில்லை.

அடுக்கும் முறைக்கு வருவோம். 200 லிட்டர் டிரம் ஓரளவு அடைபட்டிருந்தால் மணிக்குச் சுமார் அரை கிலோ கரி தின்னும், காற்றடிக்கிற நாளில் இன்னும் கூடும். எட்டு மணி நேரத்துக்கு ஐந்தாறு கிலோ கூடையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் மூட்டிப் போடக் கூடாது. பற்றாத பிரிக்கெட்டைக் கூடை நிறையக் கொட்டி, நடுவில் ஒரு குழி பறித்து, அதில் மட்டும் நன்றாகப் பற்றிய தணல் பத்துப் பதினைந்து துண்டு வையுங்கள். நெருப்பு நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பரவும். இதை முதலில் பரப்பிய ஜிம் மினியன் பெயரால் மினியன் முறை என்கிறார்கள். எண்ணெய் ஊற்றிய கரி ஆகாது என்றது இதனால்தான். ஒவ்வொரு துண்டும் நேரம் கழித்துப் பற்றும்போது அந்த எண்ணெய் வாடை முழுதும் இறைச்சியில் ஏறும். மண்ணெண்ணெய்க்கும் அதே கதி. நடுவில் வைக்கும் தணலைத் தகரக் குழாயில், அடியில் ஒரு காகிதமோ தேங்காய் நாரோ வைத்து மூட்டிக்கொள்ளுங்கள். இங்கே கட்டைக்கரியைப் பயன்படுத்துங்கள், பிரிக்கெட்டைவிடச் சீக்கிரம் பற்றும்.

இந்த முறை பிரிக்கெட்டில் சொன்னபடி நடக்கக் காரணம் அதன் ஒரே அளவுதான். துண்டுக்குத் துண்டு இடைவெளி சமமாக இருப்பதால் நெருப்பு ஒரே வேகத்தில் நகரும். கட்டைக்கரியில் இதைச் செய்ய வேண்டுமென்றால் கொட்டினால் போதாது, அடுக்க வேண்டும். பெரிய கட்டை அடியில், நடுத்தரம் மேலே, சந்துகளில் சின்னது, தூள் வெளியே. இல்லையென்றால் ஒரு வெற்றிடம் வந்ததும் நெருப்பு அங்கேயே நின்று அணையும், அல்லது குச்சிக்கரிக் குவியலைப் பிடித்துக்கொண்டு சூடு எகிறும்.

கரி நிறையப் பற்றிக்கொண்ட பிறகு, நெருப்பை அணைக்காமல் சூட்டை மட்டும் கீழே இறக்குவது பெரும்பாடு. எனவே 95 டிகிரிக்கு வரும்போதே கீழ் வால்வுகளைப் பாதி மூடிவிடுங்கள், தானாக 110, 115க்கு வந்து நிற்கும். மூடியில் பதித்த முள்ளை நம்பாதீர்கள். இறைச்சி இருக்கும் கம்பித்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், இறைச்சிக்குள் இன்னொன்று. முன்னந்தொடை உள்ளே 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். வெளியேறும் ஈரம் வேர்வைபோல இறைச்சியைக் குளிரவைப்பதால் வருவது அது. கரி தீர்ந்துவிட்டதோ என்று பயந்து அந்த நேரத்தில் வால்வைத் திறந்துவிடாதீர்கள். 92, 95க்கு வந்ததும் எடுங்கள். கோழி என்றால் 74 போதும்.

பாதியில் கரி போதாமல் போனால்? அங்கேதான் உங்கள் கட்டைக்கரி மூட்டையின் இரண்டாவது வேலை. பற்றாத பிரிக்கெட்டை எரியும் தணல் மேல் நேராகப் போட்டால், எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிப் பசை எரியும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரும். தனியே மூட்டிச் சாம்பல் பூத்த பிறகுதான் போட வேண்டும். நன்றாகச் சுட்ட கட்டைக்கரியை நாலு துண்டு அப்படியே போடலாம், உடனே பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்து மூடியபின் சூடு விழுந்தாலும் இதுவே மருந்து.

ருசி? கட்டைக்கரியில்தான் மரவாசனை வரும் என்று சேட்டன் நிச்சயம் சொல்லியிருப்பார். கரியாகும்போதே மரத்தின் வாசனை பெரும்பாலும் புகையாகப் போய்விடுகிறது. அல்ஃபாமில் நாம் மயங்கும் மணம், கோழிக் கொழுப்பு தணலில் சொட்டிப் பொசுங்குவதால் வருவது. ஸ்மோக்கரில் புகைமணம் வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த விறகுத் துண்டு மூன்று நான்கைக் கரிக்கு நடுவே அங்கங்கே புதைக்க வேண்டும். கொய்யா எனக்கு முதல் தேர்வு, தோட்டத்தில் கிளை வெட்டும்போது எடுத்து ஆறு மாதம் காயவிடுங்கள். புளியும் மாவும் பரவாயில்லை. வேம்பும் யூக்கலிப்டஸும் வேண்டாம். அரளிக் குச்சி மறந்தும் போகக் கூடாது, விஷம். முந்திரிக்கொட்டைத் தோடும் கூடாது, அதிலுள்ள எண்ணெய் தோலையே பொத்துப்போக வைப்பது. பெயின்ட் அடித்த மரமும் பிளைவுட்டும் ஆகாதென்று சொல்லத் தேவையில்லை. புகை மெல்லிசாக, நீலம் கலந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்தால் போதும். கெட்டியாக வெள்ளையாக வந்துகொண்டிருக்கும்போது இறைச்சியை உள்ளே வைக்காதீர்கள்.

பின்னால் பீங்கானில் செய்த முட்டை வடிவ அடுப்பு வாங்கினால் என் பதில் மாறும். அதில் காற்று இம்மியளவுக்கு அடங்கும், அடியில் சாம்பலுக்கு இடம் குறைவு, அதற்குக் கட்டைக்கரிதான். உங்கள் டிரம்மில் கூடைக்குக் கீழே அரை அடி இடம் விட்டிருந்தால் பிரிக்கெட் சாம்பல் வால்வுத் துளையை மறைக்காது. இடம் குறைவென்றால் நாலாவது மணியில் கூடையை ஒருமுறை லேசாகத் தட்டிவிடுங்கள்.

சமைத்து முடித்ததும் எல்லா வால்வையும் அடைத்துவிட்டால் மிச்சக் கரி அணைந்து, அடுத்த முறைக்கு ஆகும். புதிய கரியோடு கலந்து மேலாகப் போடலாம். ஆனால் அணைந்துவிட்டது என்று அன்றைக்கே சாக்கில் கட்டாதீர்கள், சாம்பலுக்குள் தணல் மறுநாள்வரைகூட உயிரோடு இருக்கும். மழை வந்துவிட்டதென்று எரியும் டிரம்மை வீட்டுக்குள்ளோ மோட்டார் ரூமுக்குள்ளோ தள்ளவும் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் இரண்டு வகைக் கரியும் ஈரம் இழுக்கும், பிரிக்கெட் நனைந்தால் கரைந்து மாவாகவே போய்விடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் வைத்துவிடுங்கள்.